முசலி மெஷினில் இருந்த செய்தி

நான் ஓய்வு பெற்ற அன்று கந்தோரில் கேக் வெட்டினார்கள். கேக் துண்டு வாயில் இருக்கும்போதே ஒருவர் சொன்னார், "மிஸ், புதுசா வாற பிள்ளையளுக்கு ஏதும் எழுதித் தாங்கோ." தலையாட்டிவிட்டு வந்து பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது எழுதவேண்டி வந்ததற்குக் காரணம் உங்களில் ஒரு பிள்ளைதான். போன கிழமை எனக்குப் போன் எடுத்து, "மூண்டு மெஷினில ஒண்டு விழுந்து கிடக்குது மிஸ், ரெண்டு ஓடுதுதானே, பிறகு பாப்பம் எண்டு விட்டிருக்கிறம்" என்று சிரித்துக்கொண்டு சொன்னது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நன்றாக ஏசிவிட்டு வைத்துவிட்டேன். ஏசியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன். ஏன் ஏசினேன் என்று மட்டும் சொல்கிறேன்.

நான் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து வயல்காரரின் பிள்ளை. கடல் எனக்குச் சரிவராது, படகில் ஏறினால் சத்திதான் எடுப்பேன். அப்படிப்பட்ட எனக்கு வேலையின் கடைசிக் காலம் முழுக்க மீன்பிடிப் படகுகளோடுதான் கழிந்தது. கரையோரச் சங்கங்கள் சேர்ந்து நடத்திய படகுப் பதிவு அது. ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னக் கருவி, அதில் மூன்று பட்டன்கள்: புறப்பட்டோம், திரும்புகிறோம், கரைக்கு வந்துவிட்டோம். பட்டனை அழுத்தினால் கரையில் நிற்கிற கோபுரம் அதைக் கேட்கும். எங்கள் தரவுத்தளத்தில் பதிவாகும். வீட்டில் இருக்கிறவரின் போனுக்கு ஒரு செய்தி போகும்.

நாங்கள் அதைப் பாதுகாப்புக்கு என்று செய்தோம். பெண்கள் அதை உலை வைக்கப் பாவித்தார்கள். 'திரும்புகிறோம்' என்று செய்தி வந்தால் அரிசியைக் கழுவி அடுப்பில் ஏற்றுவார்கள். படகு கரை தட்டும்போது சோறு வடித்திருக்கும். செய்தி கொஞ்சம் பிந்திவிட்டால் எனக்குத்தான் ஏச்சு. "என்ன மிஸ், உங்கட கொம்பியூட்டர் நித்திரையோ? எண்ட மனிசன் பசியோட குந்திக்கொண்டிருக்கிறார், இங்க அரிசி இன்னும் சுளகில கிடக்குது" என்பார்கள். உங்கள் தரவுத்தளம் எத்தனை வேகம் என்று நீங்கள் அளக்கிற அளவுகோல்கள் எல்லாம் எனக்குத் தெரியும். எனக்கு இந்த அளவுகோல்தான் பிடித்திருந்தது.

மூன்று மெஷின்கள். ஒன்று உப்புக்குளத்தில் எங்கள் கந்தோரில், ஒன்று வவுனியாவில், மூன்றாவது முசலிப் பக்கத்துக் கரை ஊர் ஒன்றில் சங்கக் கட்டடத்தில். ஒரே தகவல் மூன்றிலும் இருக்கும். ஆனால் படகு பட்டனை அழுத்தினால், மூன்றில் ஒன்று கேட்டு எழுதிக்கொண்டாலே போதும், படகிலுள்ள கருவியில் பச்சை வெளிச்சம் எரியும். மற்ற இரண்டுக்கும் அது பிறகு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளும். கடலில் நிற்கிற மனிதரை மூன்று பேரின் சம்மதத்துக்காகக் காக்கவைக்கக் கூடாது என்று நாங்கள்தான் அப்படி வைத்தோம். அது சரியான முடிவு, இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

இவற்றில் ஓடுகிற தரவுத்தளத்தைக் கொன்டெய்னர்கள் என்கிற மென்பொருள் பெட்டிகளில் போட்டு, மேலே ஒரு மேற்பார்வை மென்பொருளை வைத்திருந்தோம். அதற்கு நாங்கள் கொடுத்த கட்டளை ஒன்றுதான்: எப்போதும் மூன்று ஓடவேண்டும். விழுந்தால் தூக்கிவிடு, தூக்க முடியாவிட்டால் முடியும்வரை காத்திரு. அதற்கு அலுப்பும் வராது, சந்தேகமும் வராது. உங்களுக்கு அதன்மேல் எவ்வளவு காதல் என்று தெரியும். எனக்கும் இருந்தது.

ஒரு மாரிகாலத்தில் பெருங்காற்று அடித்தது. முசலிப் பக்கத்துச் சங்கக் கட்டடத்தின் கூரை பறந்து, மெஷின் மழையில் நனைந்து நின்றுபோனது. அதற்குமுன்பே எங்களுடனான தொடர்பு அறுந்திருந்தது. அதே நாளில்தான் நிலாமின் படகு வராமல் போனது. அந்த ஊர்க்காரர், தனியாகப் போனவர். தேடினார்கள், கடற்படையும் தேடியது. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

எங்கள் பதிவில் நிலாமின் பெயருக்கு நேரே அன்றைக்கு 'புறப்பட்டோம்' மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்து முதலில் ஒருத்தர் கதைத்தார், பிறகு ஊரே கதைத்தது. "காத்தைக் கண்ட எல்லாரும் திரும்புற பட்டனை அமத்தினவங்கள். இவன் மட்டும் ஏன் அமத்தேல்ல? அவன் அங்கால போயிட்டான்." அங்கால என்றால் எங்களுக்கு இராமேஸ்வரம். மனைவியை விட்டுவிட்டு அக்கரைக்குப் போய் வேறு வாழ்க்கை தொடங்கிவிட்டான் என்பது கதை. மற்றவர்கள் காற்றுப் பிடிக்க முன்பே, தொடர்பு இருக்கும்போதே பட்டனை அழுத்தியவர்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அவருடைய மனைவி ஜெசீமா. பள்ளிவாசலில் காயிப் ஜனாஸாத் தொழுகை வைத்தார்கள், உடல் இல்லாமல் இறந்தவருக்காகத் தொழுவது. அதன் பிறகு ஜெசீமா இத்தா இருந்தார். புருசன் இறந்த பெண் வெளி ஆண்களின் முன் வராமல் மாதக்கணக்கில் வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்கு இத்தா என்று வேலிக்கு அந்தப் பக்கம் கதைத்தது அவருடைய காதில் விழாமல் இருந்திருக்காது. சங்கச் செயலாளர் ஹமீட் நானா நிலாமின் படகைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டார். அது வழமை. இரண்டு மெஷின்களிலும் அழிந்தது. மூன்றாவது அப்போது நினைவில்லாமல் கிடந்தது.

அந்த மூன்றாவதைத்தான் நாங்கள் நீக்கியிருக்கவேண்டும். இது போய்விட்டது, இனி இதை எண்ணாதே என்று மேற்பார்வைக்கு ஒரு கட்டளை கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. ஏன் தெரியுமா? பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், இரண்டோடு சமாளிக்கிறார்கள்தானே என்று மேலே இருக்கிறவர்கள் புது மெஷின் தரமாட்டார்கள் என்ற பயம். ஆகவே செத்ததைச் சாகாததுபோல் எழுதிவைத்துக்கொண்டு, வரும் வரும் என்று இருந்தோம். இந்தக் கெட்டித்தனம் எங்கள் ஊர்க் கந்தோர்களுக்கே உரியது, நீங்களும் சீக்கிரம் பழகிவிடுவீர்கள்.

மழை போய் வெயிலும் வந்தது. சங்கக் கட்டடத்துக்குக் கூரை போட்டார்கள். வயர் இழுக்க வந்தவர் அலுமாரிக்குள் காய்ந்து கிடந்த மெஷினைக் கண்டு, நல்லெண்ணத்தோடு எடுத்துப் பழைய இடத்தில் வைத்து வயர்களைச் செருகிவிட்டார். மேற்பார்வை இத்தனை மாதமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கண்டவுடன் தூக்கிவிட்டது. அது பழைய தகவலோடேயே எழும்பி மற்ற இரண்டோடும் சேர்ந்துகொண்டது.

காலையில் திரையைப் பார்க்கிறேன், மூன்றும் பச்சை. வவுனியா மெஷினைப் பார்த்துக்கொள்கிற சுதன் போனில் துள்ளினான். "அக்கா, முசலி எழும்பிட்டுது! சொன்னால் நம்பமாட்டியள், தன்ர பாட்டில எழும்பிட்டுது!" எனக்கும் சந்தோசம். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து இருந்தேன்.

முதல் போன் பேசாலையிலிருந்து. அந்தக் காற்றுக்குப் பிறகு தன் படகை விற்றுவிட்ட ஒரு மனிதர். "மிஸ், எண்ட படகு கடலில நிக்குதெண்டு மெசேஜ் வந்திருக்குது. வித்த படகு திரும்பி வாறதெண்டால் சொல்லுங்கோ, நான் போய்க் கரையில நிக்கிறன்" என்று பகிடி விட்டார். நானும் சிரிக்கத் தொடங்கினேன், பாதியில் நின்றுவிட்டது.

இந்த மாதிரித் தரவுத்தளத்தில் ஒன்றை அழிப்பது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். உடனே அழியாது. 'இது அழிந்தது' என்று ஒரு அடையாளம் வைக்கப்படும். எல்லா மெஷின்களும் அதைக் கேட்டு அறிந்துகொள்ள ஒரு தவணை இருக்கும். தவணை முடிந்தால் அந்த அடையாளமும் போய்விடும். தவணை முழுக்கத் தூங்கிக் கிடந்த மெஷின் ஒன்று பிறகு எழும்பினால் அதற்கு அழிந்த கதை தெரியாது. "என்னிடம் இது இருக்கிறது, உங்களிடம் இல்லையா?" என்று தன் பழையதை எடுத்து நீட்டும். மறுத்துச் சொல்ல மற்றவற்றிடம் அடையாளம் இல்லை. புதுத் தகவல் என்று வாங்கி வைத்துக்கொள்ளும்.

அழித்ததெல்லாம் எழும்பி வருகிறது என்று விளங்கியவுடன் என் வாயில் வந்த பெயர் நிலாம். கடலில் நிற்கிற படகுகளின் பட்டியலில் தேடிப் பார்த்தேன். இருந்தார். கடலில் நிற்கிற படகுகளின் வீட்டுக்குக் காலையில் ஒரு செய்தி தானாகப் போகும். ஜெசீமாவின் போனுக்கும் போயிருந்தது. *நிலாமின் படகு கடலில் உள்ளது.*

அதற்குள் ஹமீட் நானாவின் போன். அவருக்கு மூச்சு வாங்கியது. "மிஸ், என்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள்? இங்க ஊர் முழுக்க எழும்பி நிக்குது. நிலாம் உசிரோட இருக்கிறான், அங்கால இருந்து கருவியைப் போட்டிருக்கிறான் எண்டு சனம் கத்துது. ஜெசீமா ஆட்டோ பிடிச்சு உங்களிட்ட வெளிக்கிட்டிட்டா. நான் அவவுக்குப் போன் எடுத்து, கொம்பியூட்டர் பிழை, திரும்பி வாங்கோ எண்டு சொல்லவோ?"

"சொல்லாதேங்கோ நானா. வரட்டும். நான் கதைக்கிறன்."

சுதன் போனில் அவசரப்பட்டான். "அக்கா, முசலியை முழுக்கத் துடைச்சு விடுவம். வெறுமையாக்கித் திரும்பச் சேப்பம். அதுதானே முறை." அவன் சொன்னது சரி. படித்துப் பார்த்தால் அப்படித்தான் போட்டிருக்கும். "செய்தி போறதை முதல்ல நிப்பாட்டு. முசலியை மற்ற ரெண்டிலயிருந்தும் வெட்டி விடு. துடைக்காத" என்றேன். ஏன் என்று கேட்டான். என்னிடம் பெரிய காரணம் எதுவும் இருக்கவில்லை. அந்தப் பெண் வந்து முன்னால் நிற்கும்போது இதுதான் பிழை என்று காட்ட என்னிடம் ஏதாவது இருக்கவேண்டும், அவ்வளவுதான். துடைத்துவிட்டு வெறுங்கையோடு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜெசீமா வந்தார். கறுத்த அபாயா, அதன் கீழ்விளிம்பெல்லாம் ரோட்டுப் புழுதி. போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"அவர் எங்க அக்கா?"

தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லலாம். எத்தனை பேர் எத்தனை தடவை அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறோம். எனக்கு அன்றைக்கு அந்தச் சொல் வாயில் கசந்தது.

"தங்கச்சி, அந்த மெசேஜ் அவர் அனுப்பினது இல்ல. மெஷின் அனுப்பினது. உங்கட ஊரில நனைஞ்சு நிண்டுபோன மெஷின் இண்டைக்கு எழும்பினது. அதுக்குக் காத்து அடிச்ச நாளோட உலகம் நிண்டுபோச்சு. அவர் கடலில நிக்கிறார் எண்டுதான் அது இன்னும் நினைச்சுக்கொண்டிருக்குது."

அவர் அப்போதுதான் கதிரையில் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் இத்தா இருந்து முடிச்சனான் அக்கா. மவுத்தானவருக்கு இருக்கிற மாதிரி முழுக்க இருந்தனான். சனம் என்னெல்லாம் கதைச்சுது தெரியுமோ? உசிரோட இருக்கிற புருசனுக்கு இத்தா இருக்கிறாள் எண்டு. எண்ட மச்சாளே கதைச்சவ. இண்டைக்குக் காலம்பிற போன் அடிச்சவுடன மச்சாள்தான் முதல் ஓடி வந்தா, நான் சொன்னன்தானே எண்டு. அப்ப எனக்குச் சந்தோசமும் வந்தது, வெக்கமும் வந்தது. அவர் உசிரோட இருக்கிறார் எண்டால் என்னை விட்டுட்டுப் போயிட்டார் எண்டுதானே அருத்தம்? இப்ப நீங்கள் சொல்லுங்கோ, நான் ஆர்? பெண்சாதியோ, கைம்பெண்ணோ?"

எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகளே, வேலையிடத்தில் அழக்கூடாது என்று உங்களுக்கு யாராவது சொன்னால், அவர்களுக்கு இப்படி ஒரு காலை வாய்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெசீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த மெஷினுக்கு அவர் கடைசியா என்ன சொன்னவர் அக்கா?"

'புறப்பட்டோம்' என்று பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதுதான் எல்லாருக்கும் தெரிந்தது, எங்கள் இரண்டு மெஷின்களுக்கும் தெரிந்தது. ஆனால் அவர் கேட்டது எங்கள் இரண்டையும் அல்ல. முசலி மெஷினை நான் ஒருமுறைகூடத் தனியாகப் பார்க்கவில்லை. சுதனுக்குப் போனைப் போட்டேன். "முசலிக்குள்ள மட்டும் பார். வேற எதோடும் சேர்க்காமல், நிலாமின்ர பதிவை மட்டும் வாசி."

அவன் வாசித்தான். மறுபடியும் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"சுதன்?"

"அக்கா, ரெண்டு பதிவு இருக்குது. புறப்பட்டோம். அதுக்குப் பிறகு திரும்புகிறோம். எங்களோட தொடர்பு அறுந்ததுக்குப் பிறகு வந்திருக்குது. கூரை போறதுக்குள்ள அதால எங்களுக்குச் சொல்ல முடியாமல் போயிருக்குது." குரலைத் தாழ்த்தினான். "இடமும் கிடக்குது. கரைக்குக் கிட்ட அக்கா. தேடின இடத்தில இல்ல, நல்லா உள்ளுக்க. சொல்லாதேங்கோ. இது தெரிஞ்சிருந்தால் அங்க தேடியிருக்கலாமே எண்டு கேட்டால் நாங்கள் என்ன சொல்லுறது? பேந்து பாப்பம். முதல் மேல இருக்கிற ஆக்களோட கதைப்பம்."

அவனைக் குறை சொல்லாதீர்கள். பயந்த மனிதர் எவரும் அதைத்தான் சொல்வார்கள். நானும் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தேன். ஆனால் ஜெசீமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி எங்களுடையது இல்லை, அவருடையது. நாங்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆட்கள் மட்டும். ஏற்கெனவே பிந்திவிட்டோம். போனை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திரும்புகிற பட்டனை அவர் அழுத்தியதைச் சொன்னேன். கரைக்குக் கிட்ட வந்துவிட்டதையும், நாங்கள் வேறு இடத்தில் தேடியதையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "இன்னாலில்லாஹி..." என்று, இறப்புச் செய்தி கேட்டவர்கள் ஓதுவதை வாய்க்குள் ஓதினார். பிறகு, "அவர் பட்டனை அமத்தினவுடன பச்சை எரிஞ்சிருக்குமோ?" என்றார்.

"ஓம் தங்கச்சி. அந்த மெஷின் கேட்டிட்டுது. பச்சை எரிஞ்சிருக்கும்."

"அப்ப அவர், நான் உலை வச்சிட்டன் எண்டு நினைச்சிருப்பார்."

என் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நான் வைக்கேல்ல அக்கா. மெசேஜ் வரேல்ல எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான். அடுப்பு மூட்டவே இல்ல." பிறகு போனை என் பக்கம் நீட்டினார். "அதை எனக்கு அனுப்பேலுமோ? அவர் அனுப்பினதை."

கையால் செய்தி அனுப்புவது எங்கள் விதிமுறைக்கு முழுக்க விரோதம். அந்த விதியை எழுதியவளே நான்தான். அனுப்பினேன். அவர் கையிலிருந்த போன் சிணுங்கியது. *நிலாமின் படகு திரும்புகிறது.* எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல் மெதுவாக வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். எழும்பும்போது சொன்னார்: "இனி அழிச்சு விடுங்கோ அக்கா. இனி எனக்கு அவரைப் பற்றி ஒண்டும் வரவேண்டாம்."

அவர் போன பிறகு நிலாமின் பதிவை எடுத்தோம். எழும்பி வந்த மற்றவற்றையும் எடுத்தோம். முசலி மெஷினைப் பட்டியலிலிருந்து நீக்கினோம், துடைத்தோம், பிறகுதான் புதிதாகச் சேர்த்தோம். என் மேலிடத்துக்கு நானே நடந்ததைச் சொன்னேன். விசாரித்தார்கள், ஏச்சு வாங்கினேன், அது பெரிய கதை இல்லை.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விசயம். விழுந்ததை விழுந்தது என்று சொல்லுங்கள். ரெண்டு ஓடுதுதானே என்று விட்டுவைக்காதீர்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால் அந்த மென்பொருள் உங்களுக்காகக் காத்துக்கொண்டேயிருக்கும், ஒருநாள் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு உங்களிடம் பச்சை காட்டும். நீக்குகிற அவசரத்தில் துடைத்தும் விடாதீர்கள். அது மட்டும் கேட்டு, வேறு யாரும் கேட்காதது ஏதாவது அதற்குள் இருக்கலாம். போன் எடுத்த பிள்ளைக்குத்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். இன்றைக்கே போய்ப் பார்.

அன்று பின்னேரம் ஹமீட் நானா மோட்டார்சைக்கிளில் கந்தோருக்கு வந்தார். ஏச வருகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை. ஜெசீமா வீட்டுக்குப் போனதும் பெரிய பானையில் உலை வைத்தாவாம். ஆக்கி முடிய, கதைத்த வீடுகள் எல்லாவற்றுக்கும் சோறு கொண்டுபோனாவாம். மச்சாள் வீட்டுக்குத்தான் முதல் போனாவாம். ஒவ்வொரு வாசலிலும் சோற்றைக் கையில் கொடுத்து, போனைத் திறந்து அந்தச் செய்தியைக் காட்டி, "மனிசன் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தவர்" என்று சொன்னாவாம். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லையாம்.

சொல்லிவிட்டு, நானா ஒரு பார்சலை என் மேசையில் வைத்தார். "உங்களுக்கும் தந்து விட்டவ மிஸ்."

முசலியிலிருந்து உப்புக்குளம் வர எவ்வளவு தூரம், சோறு நன்றாக ஆறிப்போயிருந்தது. நான் அங்கேயே இருந்து சாப்பிட்டேன்.